போர்வைக்கு வெளியே இருக்கட்டும் கை!

டயாலிசிஸ் பிரிவுக்கு முன்வாசல் வழியாகப் போனால் வரிசைக் கட்டில்கள் தெரியும், தலைமாட்டில் மினுக்கும் இயந்திரங்கள் தெரியும், ரத்தம் ஓடும் குழாய்கள் தெரியும். பயந்துபோய்த் திரும்பிவிடுவோம். இன்று உங்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறேன். விடிகாலை ஐந்தரை மணிக்கு, முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால். அங்கே நடப்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்!

நான் பார்த்தது ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். பொறுப்பு சிஸ்டர் என்னை முதலில் கூட்டிப்போனது மோட்டார் இரையும் ஆர்.ஓ. என்கிற தண்ணீர்ச் சுத்திகரிப்பு அறைக்கு. மணல் வடிகட்டி, சாஃப்டனர், கரி வடிகட்டி, அதற்குப் பிறகு நீளநீளமான சவ்வுக் குழாய்கள் என்று ஒரு சுவர் முழுக்க அடைத்திருக்கிறது. எதற்கு இத்தனை? கணக்கைப் பாருங்கள். டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று தடவை என்றால் 360 லிட்டர்! நாம் ஒரு வாரத்தில் குடிக்கும் தண்ணீர் இருபது லிட்டர் வந்தாலே அதிகம். அதையும் குடல் காவல் காத்துத்தான் உள்ளே விடுகிறது. இங்கே அந்த 360 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும்.

அதனால்தான் தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன் ஒரு சின்னச் சடங்கு. கரி வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரைப் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையை நனைக்கிறார்கள். கிருமியைக் கொல்லக் குடிநீரில் போடும் அதே குளோரின், டயாலிசிஸ் தண்ணீரில் தப்பி வந்துவிட்டால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பட்டையின் நிறம் மாறவில்லை. நோட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வார்டின் விளக்குகள் எரிகின்றன. கட்டிலில் கிடக்கும் யாருக்கும் இப்படி ஒரு கையெழுத்து தினமும் விழுவது தெரியாது. எனக்கு அதைப் பார்த்ததுமே மனம் குதிக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது பிரைமிங். டயலைசர் என்பது ஓரடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே உட்துளையுள்ள நுண்ணிய இழைகள், பத்தாயிரம் அளவில்! ரத்தம் இழைகளுக்குள்ளே ஓடும், திரவம் வெளியே எதிர்த்திசையில் ஓடும், கழிவு சவ்வைக் கடந்து திரவத்துக்குப் போய்விடும். டெக்னீஷியன் தம்பி அதில் செலைனை ஏற்றிக்கொண்டே உள்ளங்கையால் தட்டுகிறார், கவிழ்க்கிறார், மறுபடியும் தட்டுகிறார். "காத்து ஒரு பொட்டு இருக்கக் கூடாது சார்." கடைசிக் குமிழி மேலேறி மறையும்வரை தட்டல் நிற்கவில்லை.

ஆறு மணி. கதவு திறக்கிறது. எல்லோரும் நேராகப் போவது எடை மேடைக்கு. இங்கே டிரை வெயிட் என்று ஒன்று உண்டு. உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது ஒருவர் எவ்வளவு எடை இருப்பாரோ அது. சிறுநீர் வராதவருக்குக் குடித்த தண்ணீர் எங்கே போகும்? எடையில் ஏறும். ஒரு கிலோ ஏறினால் ஏறத்தாழ ஒரு லிட்டர்.

"என்னண்ணே, மூணே முக்கால் ஏறியிருக்கு? விசேஷமா?"

"அக்கா மகளுக்கு வளைகாப்பு சிஸ்டர்."

"பாயசமா, மோரா?"

"ரெண்டும்தான்."

சிஸ்டர் திட்டவில்லை. மனக்கணக்குப் போடுகிறார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் உறிஞ்சினால் இதயம் திணறும் என்பது பொதுவான வரம்பு. அறுபது கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டரும் கொஞ்சமும்தான். "இன்னிக்கு மூணு எடுக்கிறேன். மிச்சத்துக்கு டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் மோர்ப் பக்கம் போகாதீங்க." அண்ணன் தலையாட்டிவிட்டுக் கட்டிலேறுகிறார்.

இப்போது வருகிறது நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த காட்சி. அவர் இடது கையை நீட்டுகிறார். சிஸ்டர் ஊசியை எடுக்கவில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே மூன்று விரல்களை வைத்து ஒரு நொடி அப்படியே நிற்கிறார். "நல்லா ஓடுது." பிறகு அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, என்னையும் கை கழுவச் சொல்லி, என் விரலை அங்கே வைத்தார். அடேயப்பா! பூனை மடியில் படுத்து உர்ரென்று சுகமாகச் சத்தமிடுமே, அந்த அதிர்வு தோலுக்கடியில்! ஸ்டெத்தை வைத்தால் உஸ்... உஸ்... என்று ஓயாத ஓசை. அந்த மனிதரின் உயிர் அந்த இடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அதுதான் ஃபிஸ்துலா. கையிலுள்ள தமனியையும் சிரையையும் சின்ன அறுவை சிகிச்சை செய்து இணைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, வாரக்கணக்கில் அது தடித்து, ஊசி தாங்கும் பலம் பெறுகிறது. அந்த அதிர்வுக்கு மருத்துவத்தில் பெயர் த்ரில். "காலையில எழுந்ததும் பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி த்ரில் பாருங்க" என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். அதிர்வு நின்றுபோனால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஓடிவந்தால் பல நேரம் காப்பாற்றிவிடலாம், நாள் கடத்தினால் முடியாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையலோ வாட்ச்சோ கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

இந்த ஒரு கைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது தெரியுமா? நெதர்லாந்தை நாஜிகள் பிடித்து வைத்திருந்த காலம். காம்பென் என்ற சிற்றூர் மருத்துவமனையில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், இறைச்சிக்கடையில் சாசேஜ் அடைக்கும் செல்லோஃபேன் குழாயை மரச் சட்டங்களாலான உருளைமேல் சுற்றி, 1943இல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற நோயாளிகள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். மனம் விடாமல் தொடர்ந்தார். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவிழந்த நிலையிலிருந்து கண் விழித்து, பிழைத்தார். அவருக்கு வந்தது திடீர்ச் செயலிழப்பு. சில நாள் தாங்கிப் பிடித்தால் சொந்தச் சிறுநீரகமே மீண்டுவிடும் வகை.

நாள்பட்ட செயலிழப்புக்கு அந்த இயந்திரம் உதவவில்லை. காரணம் இயந்திரம் இல்லை, ரத்தக்குழாய்! ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குழாயைத் திறக்க வேண்டும், சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் டெஃப்லானில் வளைகுழாய் செய்து கையிலேயே விட்டுவைத்தார். அதைப் பெற்ற கிளைடு ஷீல்ட்ஸ் என்பவர் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் பிரெஸ்சியாவும் சிமினோவும் அவர்களது சகாக்களும், வெளிக்குழாயே வேண்டாம், உடம்பின் சொந்தக் குழாய்களையே இணைத்துவிடலாம் என்று காட்டினார்கள். நான் விரல் வைத்துப் பார்த்தது அந்த 1966இன் யோசனையை. அரை நூற்றாண்டு தாண்டியும் இதைவிட நல்ல வழி என்று ஒன்று வரவில்லை.

ஊசி போடும் வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு ஊசிகள், நல்ல பருமன். ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க, ஒன்று திருப்பி விட. ஒரே இடத்தில் குத்திக்கொண்டேயிருந்தால் குழாய் பலூனாகப் புடைத்துவிடும், அதனால் ஏணிப்படி ஏறுவதுபோல் இடம் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எந்தக் கட்டில்காரருக்குப் போன செவ்வாய்க்கிழமை எந்த இடம் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது, சிஸ்டரின் தலைக்குள்ளும் இருக்கிறது.

பம்ப் சுற்றத் தொடங்கியதும் ஹாலில் குளிர் ஏறுகிறது. ஏ.சி. ஒரு காரணம், ரத்தம் வெளியே போய் வருவதும் ஒரு காரணம். எல்லோரும் போர்வையைக் கழுத்துவரை இழுக்கிறார்கள். உடனே கேட்கிறது அந்தப் பிரிவின் மந்திரம்: "கை போர்வைக்கு வெளியே இருக்கட்டும்!" பெரியவரோ சின்னவரோ, தூக்கமோ விழிப்போ, விதிவிலக்கே கிடையாது. ரத்தம் நிமிடத்துக்கு 300 மி.லி. ஓடும்போது திருப்பிவிடும் ஊசி நழுவிவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் வெளியே கொட்டிவிடும். இயந்திரத்தின் அலாரம் சில சமயம் அதைக் கண்டுபிடிக்காமலும் போகலாம். கண் கண்டுபிடிக்கும். சிஸ்டரின் கண்ணுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு போர்வை வரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்!

இயந்திரத் திரையில் எண்கள் மின்னுகின்றன. ஆனால் சிஸ்டர் பார்ப்பது முகத்தை. ஏழாம் கட்டில் அம்மா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். எனக்குத் தூக்கமாகத்தான் தெரிந்தது. சிஸ்டர் அதற்குள் கால்பக்கத்தை உயர்த்திவிட்டு, தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரஷர் பட்டியைக் கட்டிவிட்டார். 90க்குக் கீழே! கொட்டாவி, வியர்வை, "ஒரு மாதிரி இருக்கு" என்ற முனகல், இவையெல்லாம் பிரஷர் இறங்கப்போவதற்கு முன்வரும் சாடைகள். கொஞ்சம் செலைன் உள்ளே போனது. அம்மா கண்ணைத் திறந்து, "பேத்திக்குப் பரீட்சை எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. அடுத்த கட்டிலில் கெண்டைக்காலில் பிடிப்பு. பாதத்தைப் பிடித்து விரல்களை முகத்தை நோக்கி வளைத்து நிறுத்தினார் சிஸ்டர். அந்தக் காலுக்காக எந்த அலாரமும் அடிக்கவில்லை.

இதெல்லாம் நாள்பட்ட செயலிழப்பின் உலகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சம் அளவில் நுண்வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அந்த வடிகட்டிகளை வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகின்றன. போனது முளைக்காது. அதோடு, ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பும் படுத்துவிடும். அதனால்தான் டயாலிசிஸ் முடிந்ததும் பலருக்கு அந்த ஊசி. எலும்புக்கு வைட்டமின் டி, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு மாத்திரை, மஞ்சள்காமாலை தடுப்பூசி என்று சிஸ்டரின் பட்டியல் நீளம்.

திடீர்ச் செயலிழப்பின் உலகம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில். சில மணி நேரத்தில், சில நாளில் நின்றுபோகும் சிறுநீரகம். கடுமையான வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், உடம்பெங்கும் பரவிய கிருமித்தொற்று, தானாக வாங்கி விழுங்கிய வலி மாத்திரை என்று பல காரணங்கள். வயல்காட்டு ஊர்களில் இன்னொன்று உண்டு, கண்ணாடி விரியன்! அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் தாக்கும்.

பாம்புக்கடி ஆள் வந்ததும் சிஸ்டர் செய்யும் முதல் சோதனைகளில் ஒன்றுக்கு இயந்திரமே வேண்டாம். காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மி.லி. ரத்தம். அசைக்காமல் இருபது நிமிடம். யாரும் தொடக் கூடாது, இடிக்கக் கூடாது. பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்க்கிறார். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக வழிந்தால் விஷமுறிவு மருந்துக்கு ஓட்டம். கடிகாரத்தையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இருபது நிமிடத்தில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது!

அப்புறம் சிறுநீர். ஆமாம், அந்த மாடியில் பொன்னைவிட மதிப்பு அதற்குத்தான். மணிக்கு மணி அளக்கிறார்கள். கிலோவுக்கு அரை மி.லி. வீதம், அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. வரவேண்டும். இந்த மணிக்கு 12, அடுத்த மணிக்கு 8, அதற்கடுத்து ஒன்றுமில்லை. சார்ட்டில் சிவப்பு வட்டம் விழுகிறது. டாக்டருக்குப் போன் போகிறது. சிறுநீர் நின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஏறினால் இதயம் நின்றுவிடலாம், ஈசிஜியில் ஓர் அலை கூராக உயர்ந்து எச்சரிக்கும். அந்தக் கூர்முனையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ராத்திரி டியூட்டி சிஸ்டர்தான். டாக்டர் சொன்னதும் கால்சியம் குளுக்கோனேட், குளுக்கோஸோடு இன்சுலின், தேவைப்பட்டால் நடுராத்திரியிலேயே டயாலிசிஸ்.

இப்படி நாள்கள் போகும். சிறுநீர் சேரும் பை காலியாகவே தொங்கும். வீட்டார் வராண்டாவில் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒரு நாள், ஒரு விடியலில், பையில் 50. அடுத்த மணியில் 90. சாயங்காலத்துக்குள் லிட்டர்! "வந்துருச்சு! யூரின் வந்துருச்சு!" என்று ஒரு சிஸ்டர் வராண்டாவரை ஓடிவந்து சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். கடிபட்டவரின் மனைவி அந்த மஞ்சள் பையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கத்திக் கொண்டாட வேண்டும்போல் இருந்தது.

சிஸ்டர்கள் கொண்டாடிக்கொண்டே கவனத்தைக் கூட்டினார்கள். குணமாகத் தொடங்கிய சிறுநீரகத்துக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாது, நாளுக்கு நாலைந்து லிட்டர்கூடக் கொட்டிவிடும். உப்பும் பொட்டாசியமும் கூடவே போய்விடும். நேற்றுவரை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த அதே கை, இன்று போனதற்கு ஈடாக ஊற்ற வேண்டும். அளக்கும் கோப்பை ஓயவேயில்லை.

சமையலறை ரகசியம் கொஞ்சம். நாள்பட்ட நோயாளிக்கு இளநீர் ஆகாது, அவ்வளவு பொட்டாசியம் அதில். காயைச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டைச் சிஸ்டர் பார்த்தால் பிடுங்கிவிடுவார். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கும். தண்ணீர் என்றால் ரசமும், மோரும், கஞ்சியும், காப்பியும் கணக்கில் வரும். நேற்று வந்த சிறுநீரோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள் என்பது வழக்கமான அளவு, ஆளுக்கு ஆள் டாக்டர் மாற்றுவார். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, சின்ன டம்ளரில் குடிப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களும் உண்டு. பையிலுள்ள இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, நாளைக்கு நான்கு முறை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. சிஸ்டர் சொல்லிக்கொடுப்பது: ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, முகக்கவசம் போடு, கையை முழங்கைவரை கழுவு. வடித்த பைக்குப் பின்னால் தினசரிப் பேப்பரைப் பிடித்துப் படிக்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நலம். கலங்கித் தெரிந்தால் வயிற்றில் தொற்று, பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு! ஒரு பரிசோதனைக்கூடத்தையே செய்தித்தாளில் அடக்கிவிட்டார்கள் பாருங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் இந்தக் கட்டில்களிலிருந்து விடுதலையாகிறார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்து மறைந்தவருக்கு 2023 முதல் அரசு மரியாதை தரப்படுகிறது. ஆனால் கிடைப்பதைவிடக் காத்திருப்பவர்கள் மிக அதிகம். அவர்கள் காத்திருக்கும் இடம் இந்த ஹால்.

மதியம் முதல் ஷிஃப்ட் முடிகிறது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, இரண்டு விரலால் பத்து நிமிடம் அழுத்தம். ரத்தம் நிற்கவேண்டும், ஆனால் த்ரில் நிற்கக் கூடாது. அந்த நடுவளவு விரலுக்குத்தான் தெரியும். மறுபடியும் மூன்று விரல் வைத்துப் பார்க்கிறார், மறுபடியும் எடை. வளைகாப்பு அண்ணன் மூன்று கிலோ இறங்கியிருக்கிறார். கட்டில் துடைக்கப்படுகிறது, இரண்டாவது ஷிஃப்ட் எடை மேடையில் ஏறுகிறது.

செவிலியர் வேலை என்றால் டாக்டர் எழுதியதைச் செய்வது என்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுது இங்கே நிற்க வேண்டும். ஒரு சிஸ்டருக்கு இத்தனை கட்டில் என்று அளவோடு தந்தால்தான் அந்தக் கண்ணால் எல்லாக் கையையும் பார்க்க முடியும். இயந்திரம் வாங்கும்போது கூடவே சிஸ்டர்களையும் நியமிக்க வேண்டும், அதை உரக்கவே கேட்க வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாள்பட்ட சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது, காலும் வீங்காது, மூச்சும் வாங்காது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். இந்த வாரமே போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.